சேர்க்கைப் பதிவேட்டைப் படிக்கும் முறை

ஆகஸ்ட் 1-ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அந்தக் கணக்கை வைத்தே தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயமாகின்றன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். 61 பேர் இருந்த பள்ளியில் ஒரு பிள்ளை டிசி வாங்கிக்கொண்டு போனால் ஓர் ஆசிரியர் உபரியாகிவிடுவார். பணி நிரவலில் அவரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருக்கும் எங்களுக்கு ஆண்டு முழுவதும் மனத்தில் ஓடுவது ஒரே எண்தான். வட்டாரக் கல்வி அலுவலர் கூட்டும் கூட்டத்திலும் முதல் கேள்வி அதுவே. ‘எண்ணிக்கை என்ன, போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?’ ஊரிலும் அந்த எண்ணை வைத்தே பள்ளியை மதிப்பிடுகிறார்கள்: பிள்ளைகள் நிறைய இருந்தால் நல்ல பள்ளி, குறைந்தால் வாத்தியார்கள் சரியில்லை. இந்தப் பணி எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. மொத்த எண்ணிக்கை ஒரு பள்ளியைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்கிறது. எந்தத் தெருப் பிள்ளைகள் வருகிறார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள் வருவதை நிறுத்தினார்கள், எந்த வயதில் பிரிந்து போனார்கள் என்பதையெல்லாம் படித்தால்தான் பள்ளிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று தெரியும். அதைப் படிக்காமல் எடுக்கும் முடிவுகள் பள்ளிகளை மேலும் காலியாக்கிக்கொண்டிருக்கின்றன என்பதே என் வாதம்.

இதைப் படிப்பதற்கான ஆவணம் ஒவ்வொரு பள்ளியின் பீரோவிலும் இருக்கிறது. சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொழில், குடியிருக்கும் இடம், தாய்மொழி, வகுப்பு, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் என எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. இப்போது இவற்றில் பெரும்பாலானவை எமிஸ் என்ற கல்வித் துறை இணையத் தளத்திலும் ஏறிவிட்டன. பதினைந்து, இருபது ஆண்டுப் பக்கங்களை வரிசையாகப் புரட்டினால் ஊரின் வரலாறே தெரியும். தொழில் என்ற கட்டத்தில் ‘விவசாயம்’ குறைந்து ‘கூலி’ பெருகுவது தெரியும். பிறகு ‘கம்பெனி வேலை’, ‘ஓட்டுநர்’ என்று மாறுவது தெரியும். திருப்பூர், கோவை, திருப்பெரும்புதூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் தாய்மொழிக் கட்டத்தில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைப் பகுதிகளில் ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் சூளை நடக்கும் மாதங்களில் சேர்ந்து, மழைக்கு முன் போய்விடுகிறார்கள். ஆகஸ்ட் 1 கணக்கில் அந்தப் பிள்ளைகள் இருக்கவே மாட்டார்கள். ஜனவரியில் வகுப்பில் இருப்பார்கள். ஆசிரியர் எண்ணிக்கையோ ஆகஸ்டிலேயே முடிந்துபோன கணக்கு. பிள்ளை மாறாமல் கட்டம் மட்டும் மாறுவதும் உண்டு. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 தொடக்கத்தில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அதுவரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று பதிவான பிள்ளைகள் பழங்குடியினராகப் பதிவானார்கள். இவையெல்லாம் தெரியாமல் ‘பழங்குடி மாணவர் சேர்க்கை உயர்ந்தது’ என்று அறிக்கை எழுதினால் அது தவறான செய்தியாகிவிடும்.

எண்ணிக்கை குறைவதற்குப் பிறப்பு குறைந்ததே காரணம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக்குச் சொன்ன அளவு 1.8, மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கை சொன்னது 1.4. இரண்டில் எதை எடுத்தாலும் தேவைக்குக் கீழேதான். ஐந்து வயதுப் பிள்ளைகளே குறைவாக உள்ள ஊரில் பள்ளி நிறையாது. அதற்கு ஆசிரியரைக் குற்றம் சொல்வது அநியாயம். இன்னொரு பகுதி, பதிவேடு சுத்தமானதால் வந்த குறைவு. பணியிடம் போய்விடுமே என்ற பயத்தில், வேறு பள்ளிக்குப் போன பிள்ளையின் பெயரை நீக்காமல் வைத்திருந்த வழக்கம் பல இடங்களில் இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஓர் எண் என்று எமிஸும் ஆதாரும் வந்தபின் அந்தப் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. தேசிய அளவில் பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் யூடைஸ் கணக்கும் 2022-23 முதல் மாணவர்வாரியாக எடுக்கப்படுவதால், முந்தைய ஆண்டுகளின் மொத்தத்தோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது.

ஆனால் பிறப்புக் குறைவு எல்லாப் பள்ளிகளையும் ஒன்றுபோலப் பாதிக்க வேண்டும். ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகள் நாற்பதிலிருந்து இருபதாகக் குறைந்தால், அரசுப் பள்ளிக்கு வந்த முப்பது பேர் பதினைந்தாகக் குறைவது பிறப்புக் கணக்கு. பதினைந்துக்குப் பதிலாக ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றால், மீதிப் பத்துப் பேர் வேறெங்கோ போயிருக்கிறார்கள். அதைப் பிறப்பின் தலையில் கட்ட முடியாது. இரண்டையும் பிரிக்க வழி எளிது. கோடை விடுமுறையை ஒட்டி வீடுவீடாக எடுக்கும் பள்ளி வயதுக் குழந்தைகள் கணக்கெடுப்பில் ஜூலை 31-க்குள் 5 வயது நிறையும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற பட்டியல் கிடைக்கிறது. அந்தப் பட்டியலைக் கீழே போட்டு, நம் பள்ளியில் சேர்ந்தவர்களை மேலே போட்டு வகுத்தால் பங்கு தெரியும். மேலே உள்ள எண்ணை மட்டும் அலுவலகம் கேட்கிறது; கீழே உள்ள எண்ணை யாரும் கேட்பதில்லை. கணக்கெடுப்புப் படிவம் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்பட்டுவிட்டுக் கோப்புக் கட்டுக்குள் போய்விடுகிறது.

போனவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் விஷயத்தின் கனம் புரியும். பொதுவாக முதலில் போவது ஊரில் நிலமும் மாதச் சம்பளமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். அடுத்து, அவர்களைப் பார்த்து, கடன் வாங்கியாவது கட்டணம் கட்ட முடிகிற வீடுகள். ஒரே வீட்டில் ஆண் பிள்ளை வேனில் போவான், பெண் பிள்ளை நடந்து நம் பள்ளிக்கு வருவாள். ஆகவே பல பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் விகிதம் ஊரின் விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கும். கடைசியில் எஞ்சுவது பட்டியல் சாதியினர் வாழும் காலனியின் பிள்ளைகள், தாத்தா பாட்டியோடு வளரும் பிள்ளைகள், பிழைப்புக்கு வந்தவர்களின் பிள்ளைகள், கற்றலில் சிறப்புக் கவனம் தேவைப்படுவதால் தனியார் பள்ளி சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐவரில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஓர் ஊராட்சியில் அவர்கள் மூன்றில் ஒரு பங்காக இருக்க, அங்குள்ள தொடக்கப் பள்ளியில் முக்கால் பங்காக இருந்தால், அந்தப் பள்ளி ஊருக்குப் பொதுவான பள்ளியாக இல்லாமல் போய்விட்டது என்று பொருள். எண்ணிக்கை குறையாமலேயே இது நடக்கலாம். பத்து உள்ளூர்ப் பிள்ளைகள் போய்ப் பத்துப் புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகள் வந்தால் மொத்தம் அப்படியே இருக்கும், அலுவலகத்துக்கு நிம்மதி. பள்ளிக்கோ முற்றிலும் வேறு வேலை வந்து சேர்ந்திருக்கிறது: தமிழைப் புதிதாகக் கேட்கும் பிள்ளைக்குத் தமிழில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், பாதி ஆண்டில் போய்விடும் பிள்ளைக்குப் போவதற்குள் எதையாவது நிலைக்கச் செய்ய வேண்டும்.

வசதியான வீட்டுப் பிள்ளைகள் போனால் என்ன, வந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் கடமை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஒரு பொதுப் பள்ளியைத் தாங்கி நிற்பது அதற்காகக் கேள்வி கேட்கும் பெற்றோர்கள். சுற்றுச்சுவர் இடிந்தால் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போடுகிறவர், ஆசிரியர் வராவிட்டால் மனு எழுதுகிறவர், ஊராட்சித் தலைவரோடு சரிசமமாக உட்கார்ந்து பேச முடிகிறவர் போய்விட்டால் பள்ளிக்குக் குரல் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நல்ல ஏற்பாடு. அன்றன்று வேலைக்குப் போனால்தான் சோறு என்ற நிலையில் உள்ள தாய்மார்கள் மட்டுமே குழுவில் எஞ்சும்போது, கூட்டத்துக்கு வருவதே அவர்களுக்கு ஒரு நாள் கூலி இழப்பு. அவர்களிடம் அக்கறை இல்லாமல் இல்லை. அலுவலகங்கள் அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

பிள்ளைகள் எந்த வயதில் பிரிகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. முதல் வகுப்பில் என்று எல்லாரும் நினைக்கிறோம். அந்தப் பிரிவு அதற்கு முன்பே, மூன்று வயதில் நடந்து முடிந்துவிடுகிறது. தனியார் பள்ளி எல்கேஜியில் வாங்கிக்கொள்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியோ ஐந்து வயதில்தான் கதவைத் திறக்கிறது. இரண்டு ஆண்டு ஒரு பள்ளியில் பழகிய பிள்ளையை அங்கிருந்து எடுத்து நம்மிடம் சேர்க்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. பேரணி நடத்தினாலும், துண்டறிக்கை கொடுத்தாலும், மார்ச் மாதமே சேர்க்கையைத் தொடங்கினாலும் இந்த இரண்டாண்டு இடைவெளியைத் தாண்ட முடியாது. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கப்பட்டது சரியான திசையில் எடுத்த அடி. ஆனால் அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த மையங்கள்; சிறிய தொடக்கப் பள்ளிகளுக்கு அது வந்து சேரவில்லை. மேல் முனையிலும் ஒரு விசித்திரம் உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது, கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது, ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இவை பெரும் துணை. மூன்றிலும் அரசுப் பள்ளியில் படித்ததாகக் கணக்கிடும் காலம் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்புவரை தனியாரில் படிக்கவைத்துவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவது ஒரு பெற்றோர் பார்வையில் புத்திசாலித்தனமான முடிவு. உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைத் திருப்பித் தரும் இந்தச் சலுகைகள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு பிள்ளையைக்கூடத் தருவதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டையும் இங்கே பேச வேண்டும். தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கால் பங்கு இடம், கட்டணத்தை அரசு செலுத்தும். எல்லா வர்க்கத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர வேண்டும் என்பது சட்டம் எழுதியவர்களின் நோக்கம். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். நடப்பில், அரசுத் தொடக்கப் பள்ளி உள்ள ஊரிலேயே, அந்தப் பள்ளிக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளைக்கு அரசே கட்டணம் கட்டி வெளியே அனுப்புகிறது. விண்ணப்பிக்கத் தெரிந்த, சான்றிதழ்கள் எடுக்க அலையத் தெம்புள்ள பெற்றோரே அந்த இடத்தைப் பெறுகிறார்கள். ஏழைகளிலும் முனைப்புள்ள ஏழையைப் பிரித்து எடுத்துவிட்டு, மிச்சமுள்ளவர்களை வைத்து அரசுப் பள்ளியின் தரத்தை அளப்பது நியாயமில்லை.

எல்லாவற்றையும்விடக் கேடு செய்வது ஆசிரியர் நிர்ணய முறை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்று முதல் ஐந்துவரை அறிவியல், சமூக அறிவியல் பிரிந்து ஐந்து பாடங்கள். கூட்டினால் 23 பாடங்கள். அவற்றை நடத்த இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர்: எமிஸ் பதிவு, காலை உணவு, சத்துணவு, பயிற்சி, கூட்டம், பல்வேறு நலத்திட்டப் பொருள் வாங்கப் போவது எல்லாம் அவர் தலையில். மற்றவர் விடுப்பு எடுத்தால் அன்று அது ஓராசிரியர் பள்ளி. 2024-25 யூடைஸ் கணக்குப்படி இந்தியாவில் 1,04,125 பள்ளிகள் நிரந்தரமாகவே ஓராசிரியர் பள்ளிகள். அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளிக்கு வந்து பார்க்கும் பெற்றோர் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறார். இல்லையென்றால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகிறார். எண்ணிக்கை குறைகிறது, ஆகஸ்டில் இன்னோர் ஆசிரியர் உபரியாகிறார், அடுத்த ஜூனில் இன்னும் சிலர் போகிறார்கள். தராசில் எடை குறைந்ததைக் கண்டு நோயாளியின் சாப்பாட்டைக் குறைப்பது போன்ற வைத்தியம் இது.

‘தரம் இருந்தால் பிள்ளைகள் தாமாக வருவார்கள்’ என்பது அடிக்கடி எழும் மறுப்பு. ஆசிரியர்களில் கடமை தவறுகிறவர்கள் உண்டு. அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் சேர்க்கை தரத்தை அளக்கும் கோல் அல்ல என்பதற்கு நாடளாவிய சான்று ஒன்று நம் கண்முன் நடந்தது. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வின்படி, கிராமப்புறத்தில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 2018-இல் 65.6 விழுக்காடு, 2022-இல் 72.9, 2024-இல் 66.8. தமிழ்நாட்டிலும் கொரோனா ஆண்டுகளில் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளுக்குத் திரும்பி வந்தார்கள். பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலத்தில் அரசுப் பள்ளியின் தரம் திடீரென்று ஏறிவிடவில்லை; பிறகு திறந்த இரண்டே ஆண்டில் இறங்கிவிடவும் இல்லை. வீட்டில் வருமானம் நின்றபோது வந்தார்கள், வருமானம் மீண்டபோது போனார்கள். பெற்றோரின் பையில் உள்ள பணத்தை அளக்கும் ஓர் எண்ணை வைத்து ஆசிரியரின் உழைப்பை அளக்கிறோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வகுப்பறையில் பிள்ளைகளின் முகத்தையே மாற்றியிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே காலையில் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறும் பிள்ளையை அது திருப்பிக் கொண்டுவரும் என்று எதிர்பார்ப்பது அத்திட்டத்துக்கும் அநீதி.

இன்னொரு மறுப்பு செலவைப் பற்றியது: பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எதற்கு, மூன்று நான்கு பள்ளிகளை ஒன்றாக்கி வண்டி விட்டால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பாரே என்கிறார்கள். பிள்ளையே இல்லாத குடியிருப்பில் பள்ளியை நடத்தச் சொல்ல முடியாது. 2019-இல் மாணவர் இல்லாத 46 பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்கியதற்கு ஒரு நியாயம் உண்டு. இரண்டே பிள்ளைகள் உள்ள வகுப்பில் சேர்ந்து விளையாடவும் போட்டிபோடவும் துணை இல்லாமல் போவது உண்மையான இழப்பு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி என்று விதி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி தூரமாகும்போது முதலில் நிற்பவர்கள் பெண் பிள்ளைகளும், நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய குடியிருப்புகளின் பிள்ளைகளும், நோஞ்சான் பிள்ளைகளும்தான். சிறிய பள்ளியில் பல வகுப்புகளைச் சேர்த்து வைத்துக் கற்பிப்பதற்குத் தமிழ்நாட்டிடம் சொந்த அனுபவமே உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், வயது வேறுபட்ட பிள்ளைகள் அட்டைகளை எடுத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் ஏணிப்படியில் ஏறுவதை அடிப்படையாகக் கொண்டது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் அதே எண்ணத்தின் தொடர்ச்சி. கருவிகள் கையில் இருக்கின்றன. அவற்றைக் கையாளப் போதிய ஆள் இல்லை.

சாதியையும் தெருவையும் கணக்கிட்டுப் பேசுவது பிரிவினையை வளர்க்காதா என்று மனம் வருந்திக் கேட்பவர்களும் உண்டு. பள்ளியில் எந்தப் பிள்ளையையும் சாதி பார்த்து நடத்தக் கூடாது, வகுப்பறையில் அந்தப் பேச்சே எழக் கூடாது. மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கையும் பள்ளிகளிலிருந்து சாதி அடையாளங்களை அகற்றச் சொல்கிறது. அது நடக்க வேண்டும். நான் கேட்பது தனிப் பிள்ளையின் அடையாளத்தை அல்ல, மொத்தக் கணக்கை. அந்தக் கணக்கை உதவித்தொகைக்காக ஏற்கெனவே திரட்டுகிறோம். திரட்டியதைப் படிக்காமல் வைத்திருப்பதால் பிரிவு மறைந்துவிடாது. ஊரின் ஒரு பாதி தன் பிள்ளைகளை அமைதியாக எடுத்துக்கொண்டு போய்விட்டதை யாரும் பேசாமல் இருக்க மட்டுமே அது உதவும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் என்பதைக் குறைந்தது மூன்றாக்க வேண்டும், அதுவும் மூன்றாண்டுச் சராசரியை வைத்து, ஒரே நாள் கணக்கை வைத்து வேண்டாம். தொடக்கப் பள்ளி வளாகத்திலேயே மூன்று வயதில் சேர்க்கத் தகுதியான ஆசிரியரோடு மழலையர் வகுப்பு வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் தன் எண்ணிக்கையோடு ஊரிலுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே அறிக்கை தர வேண்டும். இவை அரசு செய்ய வேண்டியவை. ஊர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது. அடுத்த மே 1 கூட்டத்தில் உங்கள் ஊரில் ஐந்து வயது நிறையும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் ஊர்ப் பள்ளிக்கு வருகிறார்கள், வராதவர்கள் எந்தத் தெருவினர், ஏன் என்று தலைமையாசிரியரை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த கணக்கைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.